ஆர்கைல் வீட்டு அப்பாக்களும் பிள்ளைகளும்

ஸ்காட்லாந்தின் பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு பெயர்கள் கண்டிப்பாக வரும். ஒன்று மாண்ட்ரோஸ், இன்னொன்று ஆர்கைல். மாண்ட்ரோஸை யாருக்கும் பிடித்துவிடும். கவிதை எழுதியவர், அழகர், ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போர்களை வென்றவர், தூக்குமேடைக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் நடந்து போனவர். ஆர்கைலுக்கு மாறுகண். யாருடனும் ஒட்டாத சுபாவம். போர்க்களத்திலிருந்து படகேறித் தப்பியவர் என்ற பெயர் வேறு. நாவல்களும் நாட்டுப்பாடல்களும் மாண்ட்ரோஸ் பக்கமே சாய்ந்திருக்கின்றன.

எனக்கு ஆர்கைல்தான் முக்கியமாகப் படுகிறார். அவரை மாண்ட்ரோஸின் எதிரியாக மட்டும் பார்த்தால் பாதி மனிதர்தான் தெரிகிறார். அவரைத் தன் அப்பாவுக்கு மகனாகவும், தன் மகனுக்கு அப்பாவாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நான்கு தலைமுறையாக அப்பாவும் பிள்ளையும் ஒரே அரசியலில் நின்ற காலம் மிகக் குறைவு. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சாதாரணமானதல்ல.

ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நால்வருக்கும் ஒரே பெயர், ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல். அதனால் பட்டத்தை வைத்தே அடையாளம் சொல்கிறேன் (ஏர்லுக்கு மேல் மார்க்விஸ், அதற்கும் மேல் டியூக்): ஏழாவது ஏர்ல், அவர் மகன் மார்க்விஸ், அவர் மகன் ஒன்பதாவது ஏர்ல், அவர் மகன் முதல் டியூக். நான் சொல்லப்போவது முக்கியமாக மார்க்விஸின் கதை.

அவர் பிறந்தது 1607 வாக்கில். தாய் ஆக்னஸ் டக்ளஸ் 1607லேயே இறந்துபோனார். அம்மாவின் முகம் மனதில் பதிய வாய்ப்பே இல்லை. அப்பா ஏழாவது ஏர்ல், மேற்குக் கரையின் பெரும்பகுதியை ஆண்டவர். மெக்ரிகர் குலத்தை வேட்டையாடியவர், கின்டயர் தீபகற்பத்தை மெக்டானல்ட்களிடமிருந்து பறித்தவர். 1610ல் அவர் ஆன் கார்ன்வாலிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை இரண்டாவதாக மணந்தார். அவர் கத்தோலிக்கர். 1618ல் உடல்நலத்துக்காக ஊற்றுநீர்க் குளியலுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறிய ஏர்ல், கத்தோலிக்கராக மாறி, ஃபிளாண்டர்ஸில் ஸ்பெயின் மன்னரின் படையில் சேர்ந்துவிட்டார். ஸ்காட்லாந்து அவரைத் துரோகி என்று அறிவித்தது.

ஊரில் விட்டுச்சென்ற மூத்த மகனுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். சொத்து அவன் பெயருக்கு மாறியது. தாய்வழி உறவினரான மார்ட்டன் ஏர்ல் வில்லியம் டக்ளஸ் அவனை வளர்த்தார். அப்பாவோ வாள்முனையில் சேர்த்த கின்டயரை இரண்டாம் தாரத்து மகன் ஜேம்ஸுக்கு எழுதிவைத்தார். அதோடு நிற்கவில்லை. தன் மூத்த மகனை நம்ப வேண்டாம் என்று அரசர் முதலாம் சார்ல்ஸையே அவர் எச்சரித்ததாகக் கிளாரண்டன் தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். கிளாரண்டன் அரசர் பக்கம் நின்ற எதிர்க்கட்சிக்காரர், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இப்படி ஓர் அப்பாவின் நிழலில் வளர்ந்த பையன் பின்னாளில் யாரிடமும் மனம் திறக்காதவராக ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1623ல் அங்கே வில்வித்தைப் போட்டியில் வென்று வெள்ளிப் பதக்கம் செய்து மாட்டினார். ஐந்து வருடம் கழித்து, 1628ல், அதே போட்டியில் வென்றவர் மாண்ட்ரோஸ். இரண்டு பதக்கங்களும் இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்திடம் இருக்கின்றன.

1626ல் தன்னை வளர்த்த மார்ட்டனின் மகள் மார்கரெட்டை மணந்தார். இந்த மார்கரெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு ஒரு வரிகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையைச் சில வருடங்களுக்கு இன்னொரு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக விடுவார்கள். வளர்த்தவர்களுக்கும் பிள்ளைக்கும் அது வாழ்நாள் உறவு, சில சமயம் ரத்த உறவைவிட உறுதியானது. மார்கரெட்டின் மூத்த மகன் 1629ல் பிறந்தான். நான்கு வயதானபோது அவனை க்ளெனார்க்கி கேம்ப்பெல்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த சர் காலின் கேம்ப்பெல்லுக்கு மார்கரெட் எழுதிய கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பையனுக்குத் துணிமணி, உடம்பு, படிப்பு என்று ஒரு தாய் விசாரிக்கிற அத்தனையும் அவற்றில் உண்டு. 1637ல் எழுதிய ஒரு கடிதத்தில், பையன் மலைநாட்டு மொழியான கேலிக் பேசச் சலித்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டேன், தயவுசெய்து அவனைப் பேசவையுங்கள், இவ்வளவு காலம் செலவழித்துக் கற்றதைச் சோம்பேறித்தனத்தால் இழந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்கிறார்.

மார்கரெட் கீழ்நாட்டுக் குடும்பத்துப் பெண். எடின்பரோவிலும் லண்டனிலும் கேலிக் என்றால் காட்டுமிராண்டிப் பேச்சு என்று நினைத்த காலம் அது. ஆனால் தன் மகன் ஒருநாள் 'மக் கைலன் மோர்' ஆக வேண்டியவன் என்று அவருக்குத் தெரியும். பெருங்காலினின் வழித்தோன்றல் என்று கேம்ப்பெல் குலத்தலைவரைச் சொல்லும் பட்டம் அது. குலத்தோடு குலத்தின் பேச்சில் பேசத் தெரியாத தலைவனை யார் பின்தொடர்வார்கள்? அந்தக் காலத்துப் பெரும் பிரபுக்களின் காகிதங்களில் கடனும் வழக்குமே குவிந்து கிடக்கும். நடுவே இப்படி ஒரு கடிதத்தைப் பார்க்கும்போது மனது இளகிவிடுகிறது.

அந்த 1637தான் எல்லாம் வெடித்த வருடம். முதலாம் சார்ல்ஸ் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மேல் புதிய வழிபாட்டு நூலைத் திணித்தார். எடின்பரோவில் கலவரம். அடுத்த வருடம், திருச்சபையில் அரசர் புகுத்தும் மாற்றங்களை எதிர்த்து எழுதப்பட்ட தேசிய உடன்படிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மாண்ட்ரோஸ் முதலிலேயே அதில் சேர்ந்தவர். ஆர்கைல் பொறுத்திருந்து பார்த்தார். 1638 நவம்பரில் கிளாஸ்கோவில் திருச்சபைப் பேரவை கூடியபோது, அரசரின் பிரதிநிதி ஹாமில்டன் அதைக் கலைத்துவிட்டு வெளியேறினார். ஆர்கைல் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். பேரவை தொடர்ந்து நடந்து பிஷப்புகளின் ஆட்சியையே ஒழித்தது. அந்த ஒரு மாலையில் அவர் எந்தப் பக்கம் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதே வருடம் அப்பாவும் இறந்துபோக, ஏர்ல் பட்டம் முழுமையாக அவருடையதானது.

1641ல் அரசரே எடின்பரோவுக்கு வந்து, தன்னைத் தோற்கடித்தவருக்கு மார்க்விஸ் பட்டம் கொடுத்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆர்கைலையும் ஹாமில்டனையும் பிடித்துக்கொண்டுபோக ஒரு சதி அம்பலமாகியிருந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

அப்புறம் உள்நாட்டுப் போர். உடன்படிக்கையிலிருந்து விலகி அரசர் பக்கம் வந்துவிட்ட மாண்ட்ரோஸும், அயர்லாந்திலிருந்து படையோடு வந்த அலஸ்டர் மக்கொல்லாவும் 1644 குளிர்காலத்தில் மலைகளைத் தாண்டி, கேம்ப்பெல்களின் தலைமையூரான இன்வெரரிக்குள் இறங்கினார்கள். பனிக்காலத்தில் அந்தப் பக்கம் எந்தப் படையும் வர முடியாது என்று கேம்ப்பெல்கள் நம்பியிருந்தார்கள். ஆர்கைல் லாக் ஃபைன் நீரில் படகேறித் தப்பினார். ஊர்கள் எரிந்தன, ஆயுதம் ஏந்தக்கூடிய ஆண்களைத் தேடிக் கொன்றார்கள்.

1645 பிப்ரவரி 2, இன்வர்லாக்கி. மாண்ட்ரோஸின் படை பனிமலைகள் வழியாக யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து நின்றது. குதிரையிலிருந்து விழுந்து தோள் நழுவியிருந்த ஆர்கைல், படைத்தலைமையை உறவினர் ஆக்கின்பிரெக் கேம்ப்பெல்லிடம் கொடுத்துவிட்டுத் தன் கப்பலில் இருந்தார். அங்கிருந்தபடியே தன் குலம் அழிவதைப் பார்த்தார். சுமார் 1,500 பேர் இறந்தார்கள். ஆக்கின்பிரெக்கும் பிழைக்கவில்லை. மெக்டானல்ட்களின் கவிஞர் இயன் லோம் அந்தப் போரைப் பாடியிருக்கிறார். கேம்ப்பெல் பிணங்கள் அந்த மண்ணுக்கு உரமானதைக் கொண்டாடும் பாட்டு அது.

கோழை என்ற பட்டம் அன்று ஒட்டியது, இன்றுவரை போகவில்லை. தோளில் காயம் இருந்தது உண்மை. தலைவரைக் காப்பாற்றுங்கள் என்று சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தியதும் நம்பக்கூடியதே. ஆனால் குலத்தலைவன் என்ற பதவியின் உயிரே ஆட்களோடு சேர்ந்து நிற்பதில்தான் இருக்கிறது. அன்று அவர் நிற்கவில்லை. பதினாறு வருடம் கழித்து அவர் சாவை எதிர்கொண்ட விதத்தைப் பார்க்கும்போது, அது உயிர்ப்பயம் மட்டுமே என்று என்னால் நினைக்க முடியவில்லை. போர்க்களம் அவருக்கு வசப்படாத இடம், அவ்வளவுதான்.

கோழைத்தனத்தைவிடப் பெரிய கறை வேறு ஒன்று இருக்கிறது. பக்கத்துக் குலமான லாமாண்ட்கள் மக்கொல்லாவோடு சேர்ந்து கேம்ப்பெல் ஊர்களைச் சூறையாடியிருந்தார்கள். 1646ல் கேம்ப்பெல்கள் திருப்பிக் கொடுத்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்த பிறகு சரணடைந்த லாமாண்ட்களை டனூனுக்குக் கொண்டுபோய், நூறு பேருக்கும் மேல் கொன்றார்கள். பலரை ஒரு மரத்தில் தூக்கிலிட்டார்கள். தான் அங்கே இல்லை என்று ஆர்கைல் பிறகு வாதாடினார். அங்கே இல்லைதான். ஆனால் கொன்றவர்கள் அவருடைய ஆட்கள், அவர்களை அவர் தண்டிக்கவும் இல்லை. ஆர்கைல் மேல் எனக்கு இருக்கும் அக்கறை இந்த இடத்தில் உதவிக்கு வராது.

குடும்பத்துக்குள்ளேயும் இப்படித்தான். ஹன்ட்லி மார்க்விஸ் ஜார்ஜ் கார்டன் அவருடைய சொந்த அக்கா ஆனின் கணவர். அரசர் பக்கம் நின்ற அவரை 1649 மார்ச்சில் எடின்பரோவில் தலைவெட்டிக் கொன்றார்கள். நாட்டிலேயே செல்வாக்கு மிகுந்தவராக இருந்த மைத்துனர் அதைத் தடுக்கவில்லை. ஹன்ட்லியின் கடன்பத்திரங்களை வாங்கிச் சேர்த்து அவருடைய நிலங்களையும் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்.

1650 மே மாதம். ஆர்கைலின் மூத்த மகன் லார்ன் பிரபுவுக்கும் மோரே ஏர்லின் மகள் மேரி ஸ்டூவர்ட்டுக்கும் எடின்பரோவில் கல்யாணம். கேலிக் பேசச் சலித்துக்கொண்ட அந்தப் பையன்தான் மாப்பிள்ளை. கல்யாணக் கூட்டம் மோரே மாளிகையில் இருந்தபோதே, பிடிபட்ட மாண்ட்ரோஸை வண்டியில் கட்டி அந்தத் தெரு வழியாக இழுத்து வந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஆர்கைல் பார்த்தார் என்றும், மாண்ட்ரோஸ் நிமிர்ந்து பார்த்ததும் விலகிக்கொண்டார் என்றும் ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. மே 21ல் மாண்ட்ரோஸைத் தூக்கிலிட்டார்கள். அவர் தலையைச் சிறைக்கட்டடத்தின் உச்சியில் ஈட்டியில் செருகி வைத்தார்கள்.

அதற்கு ஏழு மாதம் கழித்து, 1651 ஜனவரி 1 அன்று, ஸ்கோனில் இரண்டாம் சார்ல்ஸுக்கு, இங்கிலாந்தில் தலைவெட்டப்பட்ட முதலாம் சார்ல்ஸின் மகனுக்கு, முடிசூட்டு விழா. கிரீடத்தைத் தன் கையால் எடுத்து இளம் அரசரின் தலையில் வைத்தவர் ஆர்கைல். தன் மகள் ஆனை அரசருக்குக் கட்டிவைக்கும் யோசனைகூட அப்போது பேசப்பட்டது. அது நடக்கவில்லை. அந்த வருடமே வூஸ்டரில் அரசரின் படை நொறுங்கியது, அரசரை எதிர்த்த இங்கிலாந்துப் படையின் தலைவர் கிராம்வெல்லின் ஆட்கள் ஸ்காட்லாந்தைப் பிடித்தார்கள். 1652ல் ஆர்கைல் அவர்களுக்குப் பணிந்தார்.

மகன் பணியவில்லை. 1653ல் லார்ன் வீட்டைவிட்டுக் கிளம்பி, அரசருக்காக மலைநாட்டில் கிளர்ச்சி செய்த க்ளென்கேர்னோடு சேர்ந்துகொண்டார். அப்பா தடுத்தார், கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஆள் வைத்துச் சொத்தைக் காப்பாற்றுகிற தந்திரம் இது என்று அன்றே பலர் சொன்னார்கள். ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் அப்படிச் செய்ததும் உண்டு. ஆனால் இது நாடகம் இல்லை என்றே நான் நம்புகிறேன். கடனில் மூழ்கியிருந்த அப்பாவுக்கு அந்தக் கிளர்ச்சியால் நஷ்டம்தான். மகனோ பின்னாளில் அரசரை மறுத்து உறுதிமொழி எடுக்க மறுத்ததால் 1657ல் கிராம்வெல் அரசிடம் சிறைப்பட்டார். எடின்பரோ கோட்டையில் கைதியாக இருந்தபோது, இரும்புக் குண்டு உருட்டும் விளையாட்டில் ஒரு குண்டு தெறித்து அவர் மண்டை உடைந்தது. மண்டையோட்டைத் துளைத்து வைத்தியம் செய்து பிழைக்கவைத்தார்கள். நாடகத்துக்காக யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

1660ல் அரசர் திரும்பி வந்தார். லார்னுக்கு லண்டனில் நல்ல வரவேற்பு கிடைத்தது. அதை நம்பி அப்பாவும் கிளம்பி வந்தார். ஜூலை மாதம் வைட்ஹால் மாளிகைக்குப் போய் அரசரைப் பார்க்க அனுமதி கேட்டவரை, அரசர் முகம் கொடுக்காமலே கைதுசெய்து லண்டன் கோபுரத்துக்கு அனுப்பினார். தலையில் கிரீடம் வைத்தவருக்கு ஒரு சந்திப்புகூட மறுக்கப்பட்டது.

விசாரணை எடின்பரோவில் நடந்தது. தலைமை வகித்த மிடில்டன் ஒரு காலத்தில் உடன்படிக்கைப் படையில் இருந்து மாண்ட்ரோஸை எதிர்த்துப் போரிட்டவர். முதலாம் சார்ல்ஸின் கொலையில் பங்கு என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆர்கைல் நன்றாகவே வாதாடினார், தப்பிவிடுவார் போலத்தான் இருந்தது. சாட்சியம் முடிந்த பிறகு லண்டனிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்தது. கிராம்வெல் ஆட்சியில் தளபதி மங்க்குக்கு ஆர்கைல் எழுதிய கடிதங்கள் அவை. கொடுத்தனுப்பியவர் அதே மங்க். கிராம்வெல்லுக்காக ஸ்காட்லாந்தை ஆண்டவர், இப்போது அரசரின் செல்லப்பிள்ளை, புது டியூக். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஆக்கிரமிப்பு அரசோடு ஒத்துப்போனதற்குத் தண்டனை என்றால், அந்த அரசை நடத்தியவருக்கு என்ன தண்டனை?

தீர்ப்புக்கு முன் ஒரு தப்பும் திட்டம் இருந்தது. மார்கரெட் கோட்டைக்குப் பார்க்கப் போவதும், கணவர் அவருடைய உடையை அணிந்து வெளியே வருவதும், மார்கரெட் உள்ளேயே தங்கிவிடுவதும் ஏற்பாடு. உடையை அணிந்துகூடப் பார்த்தார், கடைசி நேரத்தில் வேண்டாம் என்று கழற்றிவிட்டார் என்கிறார்கள். மார்கரெட் மிடில்டனிடம் போய்க் கெஞ்சினார். பலன் இல்லை.

1661 மே 27. 'மெய்டன்' என்பது எடின்பரோவின் தலைவெட்டும் இயந்திரம். மேலிருந்து கனமான கத்தி விழும், பிரெஞ்சுக் கில்லட்டினுக்கு இருநூறு வருடம் மூத்தது. இப்போது ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று ஆர்கைல் மதியச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிட்டார். ரோமானியனைப் போலவும் சாகத் தெரியும், ஆனால் கிறிஸ்தவனாகச் சாவதையே தேர்ந்தெடுக்கிறேன் என்றார். அரசருக்குக் கிரீடம் சூட்டிய தன்னை, அதைவிட நல்ல கிரீடத்துக்கு அரசர் அவசரமாக அனுப்புகிறார் என்றும் சொன்னார். பிறகு மருத்துவர் உடலைத் திறந்தபோது, சாப்பிட்ட கௌதாரிக்கறி முழுதாகச் செரித்திருந்ததாம். பயந்தவனுக்குச் சாப்பாடு செரிக்காது என்பதற்காக அந்தக் காலத்தவர்கள் இதை எழுதிவைத்தார்கள். தலையை மாண்ட்ரோஸின் தலை இருந்த அதே ஈட்டியில் செருகினார்கள். மாண்ட்ரோஸின் எச்சங்களைச் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்து அப்போது இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. ஆர்கைலின் தலை 1664 வரை அங்கேயே இருந்தது. உடல் கேம்ப்பெல்களின் கல்லறையான கில்மனுக்குப் போனது.

மார்கரெட் 1678 வரை வாழ்ந்தார். கணவர் போன அடுத்த வருடமே மகனுக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. அரசவைக்காரர்களைக் குறைசொல்லி எழுதிய ஒரு கடிதம் பிடிபட்டதுதான் குற்றம். தண்டனை நிறைவேறவில்லை. 1663ல் விடுதலையாகி, மார்க்விஸ் பட்டம் இல்லாமல் ஒன்பதாவது ஏர்லாக மட்டும் சொத்தைத் திரும்பப் பெற்றார். கூடவே அப்பாவின் கடன்களும் வந்தன. அடுத்த பதினெட்டு வருடமும் அரசருக்கு அடங்கியே இருந்தார். அந்தக் காலத்தில் கடன் பாக்கியைக் காட்டி மக்லீன்களிடமிருந்து மல் தீவைப் பறித்தது அவருடைய பெரிய வேலை. அந்த வீட்டுச் சொத்து ஆசை அவரிடமும் குறையவில்லை.

1681ல் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு புதிய உறுதிமொழி. முன்னுக்குப் பின் முரணானது என்பது எல்லோருக்கும் தெரியும். அது தனக்குள் முரண்படாத அளவுக்கு மட்டும் ஏற்கிறேன் என்றார் ஏர்ல். அந்த ஒரு நிபந்தனைக்காக ராஜத்துரோகி என்று தீர்ப்பு. அப்பா இருந்த அதே எடின்பரோ கோட்டை. டிசம்பர் 20 இரவு, இரண்டாம் மனைவியின் மகள் சோஃபியா லிண்ட்சே பார்க்க வந்தார். திரும்பும்போது அவருடைய நீண்ட அங்கியின் பின்முனையைத் தூக்கிவந்த வேலைக்காரப் பையன் வேடத்தில் இருந்தவர் ஏர்ல். காவலாளி கையைப் பிடித்தபோது பதறி அங்கியைச் சேற்றில் போட்டுவிட்டார். சோஃபியா அந்தச் சேற்றுத் துணியாலேயே ஏர்லின் முகத்தில் அடித்துத் திட்டினாராம். முகம் சேறானதில் அடையாளம் தெரியாமல் போயிற்று. அப்பா கழற்றிப் போட்ட வேஷத்தை இருபது வருடம் கழித்து மகன் போட்டார். சோஃபியா பிறகு ஏர்லின் இளைய மகன் சார்ல்ஸை மணந்தார்.

ஹாலந்தில் ஒளிந்திருந்தவர் 1685ல் மூன்று கப்பல்களோடு புதிய கத்தோலிக்க அரசர் ஜேம்ஸுக்கு எதிராக வந்து இறங்கினார். கூட வந்தவர்களின் ஓயாத சண்டையால் படை கலைந்தது. ஜூன் 18 அன்று இன்சினன் அருகே நாட்டுப்புறத்தான் உடையில் பிடிபட்டார். புதிய விசாரணை கிடையாது, பழைய 1681 தீர்ப்பே போதும் என்றார்கள். ஜூன் 30 அன்று, மேடைக்குப் போகும் சற்று முன், அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஓர் அதிகாரி கலங்கிப்போனதாகச் சொல்வார்கள். மெய்டன், அப்புறம் அதே சிறையின் உச்சி. இளவயதில் அரசருக்காக அப்பாவை மீறியவர், முடிவில் அப்பா நின்ற பக்கம் நின்று, அப்பா செத்த இயந்திரத்திலேயே செத்தார். அவருடைய தம்பி நீல் கடல்கடந்து அமெரிக்காவின் கிழக்கு ஜெர்ஸிக்குப் போய்ச் சில காலம் அதை நிர்வகித்தார்.

அடுத்த ஆர்ச்சிபால்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அப்பா படையோடு வந்த வருடத்தில் ஜேம்ஸ் அரசரிடம் பணிந்து சொத்தை மீட்கப் பார்த்தார். அது நடக்கவில்லை என்றதும் 1688ல், ஜேம்ஸை விரட்டி அரியணையைப் பிடித்த வில்லியம் பக்கம் போனார். க்ளென்கோவில் 1692ல் மெக்டானல்ட்களை விருந்தோம்பலுக்கு நடுவே கொன்ற வீரர்கள் அவர் பெயர் தாங்கிய படைப்பிரிவினர். ஆனால் 1689 மே 11 அன்று லண்டன் வைட்ஹாலின் விருந்து மண்டபத்தில், முதலாம் சார்ல்ஸின் தலை விழுந்த அதே கட்டடத்தில், ஸ்காட்லாந்தின் அரசுரிமை உறுதிமொழியை வில்லியமுக்கும் மேரிக்கும் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மதபேதம் கொண்டவர்களை வேரறுப்பேன் என்ற வரி வந்ததும் வில்லியம் நிறுத்தி, யாரையும் துன்புறுத்த இது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டே தொடர்ந்தார். தாத்தா ஓர் அரசருக்குக் கிரீடம் வைத்ததற்குக் கிடைத்தது மெய்டன். பேரன் உறுதிமொழி படித்துக்காட்டியதற்கு, 1701ல், டியூக் பட்டம் கிடைத்தது.